"எல்லாமே கவர் ஆயிருங்க்கா": கைவினைத் தொழிலுக்குப் பொறுப்புக் காப்பீடு எடுக்கிற வழி

கோவையில் எங்கள் வீட்டு மொட்டைமாடி ஷெட்டில் மெழுகுவர்த்தி செய்து விற்கிறேன். தொழில் தொடங்கிய மூன்றாம் வருடம், தீபாவளி முடிந்த வாரம், ஒரு வாடிக்கையாளர் வாட்ஸ்ஆப்பில் படம் அனுப்பினார். என் கண்ணாடிக் குடுவை இரண்டாகப் பிளந்து கிடந்தது. அதற்கு அடியில் தேக்கு டிவி ஸ்டாண்டில் தோசைக்கல் அளவுக்கு ஒரு கருகல் வட்டம். மெழுகு அடிவரை எரிந்து, சூடு தாங்காமல் குடுவை விட்டுப் போயிருக்கிறது. ஸ்டாண்டை இழைத்து மறுபடி பாலிஷ் போட 18,000 ரூபாய் ஆகும் என்றார். சண்டை போடாமல் அமைதியாகக் கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

எனக்கு உள்ளுக்குள் ஒரு தைரியம். கடன் வாங்கிய சமயத்தில் எடுத்த இன்சூரன்ஸ் இருக்கிறதே! ஏஜென்ட் அன்றைக்குச் சொன்னது காதிலேயே இருந்தது: "எல்லாமே கவர் ஆயிருங்க்கா, நீங்க நிம்மதியா வேலையப் பாருங்க." பாலிசியைப் பிரித்துப் படித்தபோதுதான் தெரிந்தது. என் ஷெட் எரிந்தால், என் மெழுகு உருகி வீணானால், எனக்குப் பணம் வரும். என் மெழுகுவர்த்தி இன்னொருவர் வீட்டில் எதையாவது கருக்கினால் அதற்கு ஒரு பைசா கிடையாது. அது தீக்காப்பீடு. நான் கேட்டிருக்க வேண்டியது வேறு. 18,000 ரூபாயை மூன்று தவணையாகக் கட்டினேன்.

பொம்மை பின்னுகிறவர்கள், சோப்பு காய்ச்சுகிறவர்கள், சுடுமண் நகை செய்கிறவர்கள் என்று புதிதாக வரும் பலர் என்னிடம் இதைக் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில், எது எதற்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள்

நம் தொழிலில் மூன்று விதமான ஆபத்து இருக்கிறது. மூன்றுக்கும் பாலிசி தனித்தனி.

ஒன்று, நம் சரக்கும் கருவியும் அழிவது. தீ, வெள்ளம், புயல், கலவரம் எல்லாம் இதில் வரும். சிறு தொழில்களுக்கு 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற ஒரே மாதிரியான பாலிசியை எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கின்றன. 5 கோடி ரூபாய்க்கு உட்பட்ட சொத்துக்கு இதுதான். நல்ல பாலிசி. ஆனால் அடுத்தவருக்கு நேரும் நஷ்டம் இதன் கணக்கிலேயே இல்லை. கடன் கொடுக்கும்போது பெரும்பாலும் எடுக்கச் சொல்வது இந்த வகையைத்தான். அதனால்தான் பலர் என்னைப் போலவே 'நமக்கு இன்சூரன்ஸ் இருக்கு' என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டு, நம் இடத்துக்கு வருகிறவருக்கு அடிபடுவது. ஸ்டாலில் தொங்கவிட்ட இரும்புச் சட்டம் ஒரு பாட்டியின் தோளில் விழுகிறது. மெழுகு வார்க்கக் கற்றுக்கொள்ள வந்த பெண் கையைச் சுட்டுக்கொள்கிறார். இதற்குப் பெயர் பொதுப் பொறுப்பு. ஏஜென்ட்டுகள் 'பப்ளிக் லயபிலிட்டி' என்பார்கள்.

மூன்று, விற்றுப் போன பொருள் வாங்கியவர் வீட்டில் செய்யும் சேதம். குடுவை வெடிப்பது, பொம்மையின் கண் பித்தான் கழன்று குழந்தை தொண்டையில் மாட்டுவது, காதணிக் கொக்கியால் தோல் புண்ணாவது. இது பொருள் பொறுப்பு, அதாவது 'ப்ராடக்ட் லயபிலிட்டி'. என் டிவி ஸ்டாண்ட் கதை இந்த வகை.

கைவினைக்காரர்களுக்கு மூன்றாவதுதான் முக்கியம். கேட்டு வாங்காவிட்டால் யாரும் தானாகக் கொடுக்காததும் அதுதான்.

இடையில் ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். இணையத்தில் தேடினால் '1991-ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம்' என்று ஒன்று வரும். கட்டாயம் என்றும் போட்டிருக்கும். அது போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, ஆபத்தான ரசாயனங்களைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் கையாளும் ஆலைகளுக்காக வந்த சட்டம். மாடியில் நாலு கிலோ சோயா மெழுகு உருக்குகிற நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சட்டம் நம்மை எங்கே பிடிக்கிறது

'450 ரூபாய் மெழுகுவர்த்திக்கு யாருங்க கோர்ட்டுக்குப் போவாங்க' என்று நானும் கேட்டிருக்கிறேன். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்த பிறகு கேட்பதில்லை. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தச் சட்டத்தின் ஆறாவது அத்தியாயம், 82 முதல் 87 வரையான பிரிவுகள், முழுக்கப் பொருள் பொறுப்பைப் பற்றியது.

அதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. பொருளில் செய்முறைக் குறையோ வடிவமைப்புக் குறையோ இருந்தால் தயாரித்தவர் பொறுப்பு. சரியாகப் பயன்படுத்தும் முறையையும் எச்சரிக்கையையும் எழுதித் தராவிட்டாலும் தயாரித்தவர் பொறுப்பு. என் குடுவையில் அன்றைக்கு ஒட்டியிருந்தது மல்லிகைப் பூ படமும் என் பிராண்டு பெயரும் மட்டும்தான். அடியில் அரை அங்குலம் மெழுகு இருக்கும்போதே அணைக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை. வழக்கு வந்திருந்தால் அந்த ஒன்று போதும்.

இன்னொரு விஷயம் பலருக்கும் அதிர்ச்சியாக இருக்கும். வேறொருவர் செய்ததை மொத்தமாக வாங்கி, நம் லேபிளை ஒட்டி விற்றால், சட்டத்தின் கண்ணில் நாமும் தயாரிப்பாளர்தான். சீசனில் ஆர்டர் தாங்காமல் வெளியே வாங்கி லேபிள் மாற்றுகிறவர்கள் இதை இரண்டு தரம் படியுங்கள்.

வழக்குப் போடுவதும் கடினமில்லை. எந்த நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது, எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம் பொருளுக்குக் கொடுத்த விலையை வைத்துத்தான். 5 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணமே இல்லை. 450 ரூபாய் மெழுகுவர்த்திக்குக் கட்டணம் இல்லாமல் வழக்குத் தொடுத்து, கருகிய வீட்டுக்கு லட்சக்கணக்கில் நஷ்டஈடு கேட்கலாம். இரண்டு வருடத்துக்குள் தொடுத்தால் போதும். வாங்கியவர் தான் வசிக்கும் ஊரிலேயே தொடுக்கலாம். டெல்லிக்குப் பார்சல் அனுப்பினால், டெல்லியில் வழக்கு வரலாம். நஷ்டஈட்டை விடுங்கள், வக்கீலுக்கும் ரயிலுக்கும் ஆகிற செலவே நம் ஒரு வருட லாபத்தைத் தின்றுவிடும். பொறுப்புக் காப்பீட்டில் வழக்குச் செலவும் சேர்ந்து வருகிறது என்பதுதான் என் கண்ணில் அதன் பாதி மதிப்பு.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ, வாங்கியவரே மாற்றியமைத்திருந்தாலோ நமக்குப் பாதுகாப்பு உண்டு. 87-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. அந்தப் பாதுகாப்பைப் பயன்படுத்த 'சரியான முறை இது' என்று நாம் முதலில் எழுதித் தந்திருக்க வேண்டும்.

காகிதங்கள்

இன்சூரன்ஸ் கேட்கப் போகும் முன் நம் வீட்டுக் கணக்கு சரியாக இருக்க வேண்டும். உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில் என்று அரசிடம் பதிந்துகொள்வது, முதல் வேலை. அரசு இணையதளத்தில் ஆதாரும் பான் எண்ணும் வைத்து நாமே செய்யலாம், கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இணையதளம் வந்தால் அது அரசுடையது இல்லை, வெளியே வந்துவிடுங்கள். இந்தப் பதிவு பின்னால் காப்பீட்டு நிறுவனத்தின் மேல் புகார் சொல்லக் குறைதீர்ப்பாளரிடம் போக நேர்ந்தாலும் உதவும்.

அடுத்து, உங்கள் பொருளுக்கு உரிமம் வேண்டுமா என்று பாருங்கள். இதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். குளியல் சோப்பு, லிப் பாம், கிரீம் எல்லாம் சட்டப்படி அழகுசாதனப் பொருள். 2020-ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி, விற்பதற்காகச் செய்ய மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். வீட்டு அடுப்படியில் செய்து உரிமம் இல்லாமல் விற்கிறவர், எவ்வளவு பிரீமியம் கட்டினாலும், கிளைம் வரும் நாளில் 'சட்டத்தை மீறிச் செய்த தொழில்' என்ற ஒரே வரியில் கைவிடப்படுவார். உரிமம் உள்ள ஆலையில் செய்து வாங்குவதா, சோப்பை விட்டுவிட்டு வேறு செய்வதா என்று முதலில் முடிவு செய்யுங்கள். இன்சூரன்ஸ் அப்புறம்.

குழந்தைகள் பொம்மைக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். ஆனால் மத்திய அரசின் கைவினைப் பொருள் மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைகளுக்கும், தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை போலப் புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் விலக்கு உண்டு. குரோஷா பொம்மை பின்னுகிறவர்கள் அந்தக் கைவினைஞர் அட்டைக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

துணிப்பை, காகிதப் பூ, கோலப் பலகை செய்கிறவர்களுக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. கொடுத்துவைத்தவர்கள்.

ஒரு பக்கத்தில் உங்கள் தொழில்

இதுவரை சொன்னதில் எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். ஒரு தாளில் உங்கள் தொழிலை எழுதுங்கள். ஏஜென்ட்டிடம் வாயால் சொன்னால், அவர் தன் கணினியில் இருக்கும் பட்டியலில் ஏதோ ஒன்றைத் தட்டிவிடுவார். எனக்கு ஒருவர் 'மெழுகு மற்றும் பெட்ரோலியப் பொருள் உற்பத்தி' என்று போட்டுவிட்டார். நான் ஏதோ எண்ணெய்க் கிடங்கு நடத்துகிற மாதிரி விலை சொன்னார்கள். தொழிலை எப்படி விவரிக்கிறோம் என்பதில்தான் பிரீமியத்தின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. பேரம் பேசிக் குறைவது கொஞ்சம்தான்.

என் தாளில் இருப்பது ஏறக்குறைய இப்படி:

"தனி உரிமையாளர் தொழில், வீட்டு மாடியில் 200 சதுர அடி ஷெட். மின் உருக்கியில் சோயா மெழுகு உருக்கி, கண்ணாடிக் குடுவையிலும் தகர டப்பாவிலும் வார்க்கிறோம். திறந்த தீ கிடையாது. ஒரே நேரத்தில் இருப்பில் அதிகபட்சம் 60 கிலோ மெழுகு. ஆண்டு விற்பனை இவ்வளவு. அதில் மெழுகுவர்த்தி 70 சதவீதம், வாசனைப் பொட்டலம் 30 சதவீதம். விற்பனை இந்தியாவுக்குள் மட்டும். வருடத்துக்கு 8 கண்காட்சி ஸ்டால். வேலைக்கு ஒருவர். ஒவ்வொரு வார்ப்புக்கும் தொகுதி எண், பதிவேடு உண்டு. இதுவரை வந்த புகார்: ஒன்று, விவரம் இணைப்பு."

அந்தக் கடைசி வரியை மறைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மறைக்காதீர்கள். காப்பீடு என்பதே, கேட்ட எல்லாவற்றையும் உண்மையாகச் சொல்லியிருக்கிறோம் என்ற நம்பிக்கையில் போடும் ஒப்பந்தம். மறைத்தது தெரிந்தால் பாலிசியே செல்லாது என்று சொல்லிவிட அவர்களுக்கு வழி கிடைக்கும். நான் டிவி ஸ்டாண்ட் கதையை எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு லேபிளையும் குடுவையையும் மாற்றியதையும் எழுதினேன். அதற்காக ஒருவரும் என்னைத் தள்ளிவிடவில்லை.

எங்கே கேட்பது

நம் ஊரில் கைவினைஞர்களுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மலிவான பொறுப்புப் பாலிசி எதையும் நான் பார்த்ததில்லை. இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடிக்க வேண்டும்.

முதல் வழி, கடைக்காரர் தொகுப்புப் பாலிசி. பொதுத்துறையின் நான்கு நிறுவனங்களான நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா, ஓரியண்டல், நேஷனல் ஆகியவற்றிலும், தனியார் நிறுவனங்களிலும் இந்த மாதிரி பாலிசி உண்டு. தீ, திருட்டு, கையில் கொண்டுபோகும் பணம், கண்ணாடி உடைவது என்று பல பிரிவுகள், வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். பட்டியலின் கடைசிப் பக்கம் பொதுப் பொறுப்பு என்று ஒரு பிரிவு ஒளிந்திருக்கும். தனியாக எடுப்பதைவிட மற்றப் பிரிவுகளோடு சேர்த்து எடுத்தால் அது மலிவாகக் கிடைக்கும். சிறிய கடை வைத்திருப்பவருக்கும், ஸ்டால் மட்டும் போடும் துணி, மண்பாண்டக்காரருக்கும் முதல் வருடம் இதுவே போதும் என்பது என் கருத்து. ஆனால் இது இடத்தில் நடக்கும் விபத்துக்கு. விற்ற பொருளால் வரும் சேதம் இதில் உண்டா, வெளியூர் ஸ்டாலும் சேருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாயால் சொன்ன 'ஆமா' கிளைம் மேசைக்கு வந்து சாட்சி சொல்லாது.

இரண்டாம் வழி, தனியாகப் பொருள் பொறுப்புப் பாலிசி. மெழுகுவர்த்தி, பொம்மை, சோப்பு, மின்விளக்கு செய்கிறவர்கள் இதற்குத்தான் போக வேண்டும். கிளை அலுவலகத்தில் கேட்டால் 'அதெல்லாம் பெரிய கம்பெனிக்குங்க' என்று திருப்பி அனுப்பவும் வாய்ப்புண்டு. என்னை இரண்டு இடத்தில் அனுப்பினார்கள். அப்போது புரோக்கரிடம் போங்கள். ஏஜென்ட் ஒரு நிறுவனத்தின் ஆள். புரோக்கர் பல நிறுவனங்களிடம் நம் சார்பில் விலை கேட்பவர். அவருக்குத் தரகு கொடுப்பது காப்பீட்டு நிறுவனம்; நாம் தனியாக எதுவும் தர வேண்டியதில்லை. அவருக்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ உரிமம் இருக்கிறதா என்று மட்டும் ஆணையத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

குறைந்தது மூன்று இடத்தில் அந்த ஒரு பக்கத் தாளைக் கொடுத்து விலை கேளுங்கள். மூவருக்கும் ஒரே தாள். இல்லையென்றால் மூன்று விலையையும் ஒப்பிட முடியாது.

வீட்டுக் காப்பீடு இருக்கிறதே, அதில் வராதா என்று கேட்கிறவர்களுக்கு: வீட்டுப் பாலிசியின் பொறுப்புப் பிரிவு பொதுவாகத் தொழிலைச் சேர்ப்பதில்லை. வீட்டில் தொழில் நடப்பதை அவர்களுக்கும் சொல்லிவிடுவது நல்லது.

கோட்டேஷன் வந்ததும் எதைப் பார்ப்பது

விலையைக் கடைசியில் பாருங்கள். முதலில் இரண்டு எண். 'ஏஓஏ' என்று போட்டிருப்பது ஒரு விபத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு என்பது. 'ஏஓஒய்' என்பது வருடம் முழுக்க எல்லா விபத்துக்கும் சேர்த்து எவ்வளவு. 10 லட்சம், 10 லட்சம் என்று சமமாக எடுத்தால் பிரீமியம் குறையும். 10 லட்சம், 40 லட்சம் என்று எடுத்தால் கூடும். நம் அளவுத் தொழிலில் ஒரே வருடம் நாலு பெரிய விபத்து நடக்காது. நடந்தால் தொழிலையே மறுபடி யோசிக்க வேண்டும். அதனால் சமமாக எடுங்கள்.

எவ்வளவு தொகைக்கு எடுப்பது? உங்கள் பொருள் செய்யக்கூடிய மிக மோசமான காரியத்தைக் கண்ணை மூடி நினையுங்கள். துணிப்பைக்கு 5 லட்சமே தாராளம். மெழுகுவர்த்தி திரைச்சீலையைப் பற்றவைத்தால் ஒரு ஹால் போகும்; நான் 25 லட்சத்துக்கு எடுத்திருக்கிறேன்.

அடுத்து எல்லை. இந்தியா மட்டுமா, வெளிநாடும் சேர்த்தா, அதில் அமெரிக்கா, கனடா உண்டா? அமெரிக்காவைச் சேர்த்தால் பிரீமியம் எங்கேயோ போய்விடும். அங்கே வழக்குச் செலவு அப்படி. ஆர்டரே இல்லாமல் ஆசைக்காக அதை எடுக்காதீர்கள். அமேசானின் அமெரிக்கத் தளத்தில் விற்கிறவர்களுக்குக் கதை வேறு. ஒரு மாத விற்பனை 10,000 டாலரைத் தாண்டினால் குறைந்தது 10 லட்சம் டாலருக்குப் பொறுப்புக் காப்பீடு காட்டச் சொல்வார்கள். அந்த அளவுக்குப் போனவருக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது.

பிறகு 'பின்தேதி'. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. பொருள் பொறுப்புப் பாலிசிகள் பொதுவாக, கிளைம் வரும் நாளில் நடப்பில் இருக்கும் பாலிசியைத்தான் பார்க்கும். விற்ற நாளை வைத்துப் பார்ப்பதில்லை. 2026 மார்ச்சில் விபத்து நடந்து 2027 பிப்ரவரியில் நோட்டீஸ் வந்தால், 2027-இல் உங்களிடம் பாலிசி இருக்க வேண்டும். விபத்து பாலிசியில் குறித்திருக்கும் பின்தேதிக்குப் பிறகு நடந்திருக்க வேண்டும். முதல் பாலிசி எடுத்த தேதிதான் பெரும்பாலும் பின்தேதி. இடையில் ஒரு வருடம் விட்டுவிட்டால் அந்தத் தேதி அழிந்து புதிதாகத் தொடங்கும். நிறுவனம் மாறினாலும் பழைய பின்தேதியைத் தொடர்ந்து தரும்படி கேளுங்கள்.

விலக்குப் பட்டியலை அவசியம் படியுங்கள். கெட்டுப்போன பொருளுக்கே மாற்றுப் பொருள் தருவது, விற்றதைத் திரும்ப வரவழைக்கும் செலவு, அபராதம், 'இந்த வாசனை தூக்கம் வரவைக்கும்' போன்ற வாக்குறுதி பொய்த்தது ஆகியவை வழக்கமாகச் சேராது. ஒரே வார்ப்பில் வந்த குறையால் பத்துப் பேருக்குச் சேதம் வந்தால் அதை ஒரே விபத்தாகக் கணக்கிடும் பிரிவும் இருக்கலாம். கட்டாயக் கழிவுத் தொகையையும், அதாவது ஒவ்வொரு கிளைமிலும் முதலில் நம் கையிலிருந்து போட வேண்டிய பணத்தையும் பாருங்கள். அது 10,000 என்றால், 8,000 ரூபாய் நஷ்டத்துக்கு நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

இதெல்லாம் ஒத்துவந்த பிறகு விலை. அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. பிரீமியம் 5,000 என்று சொன்னால் கையிலிருந்து போவது 5,900. ஜிஎஸ்டி சேர்த்ததா, சேர்க்காததா என்று கேட்காமல் மலிவு என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

செலவைக் குறைக்க

ஆபத்தான பொருளைப் பிரித்துப் பாருங்கள். என் தோழி துணிப்பொம்மையும், வருடத்துக்கு இருபது என்ற கணக்கில் பேட்டரி போட்ட இரவு விளக்கும் செய்துவந்தார். விளக்கு இருந்ததால் இரண்டு நிறுவனங்கள் கையை விரித்தன. விளக்கை நிறுத்தினார், மூன்றாவது இடத்தில் பாலிசி கிடைத்தது. விற்பனையில் அது ஒரு மூலைதான், பாலிசிக்குத்தான் முட்டுக்கட்டை.

கழிவுத் தொகையை நாமாக உயர்த்திக்கொண்டால் பிரீமியம் குறையும். சின்னச் சேதத்தை நம் பணத்தில் தீர்த்துக்கொள்ள முடிந்தவர்களுக்கு இது நல்ல வழி.

கண்காட்சிக்குப் போகும்போது, நடத்துகிறவர்கள் பொதுப் பொறுப்புப் பாலிசி எடுத்திருக்கிறார்களா, அதில் ஸ்டால்காரர்களின் பெயர் சேருமா என்று கேளுங்கள். பெயர் இல்லாவிட்டால் அது அவர்களுக்கான குடை. நம் தலை நனையும். நாங்கள் பதினைந்து பேர் சேர்ந்து நடத்திய மார்கழிச் சந்தைக்கு மூன்று நாளுக்கு மட்டும் ஒரு பாலிசி எடுத்து, எல்லார் பெயரையும் சேர்த்துச் செலவைப் பகிர்ந்துகொண்டோம். தலைக்கு ஆன தொகை ஒரு பெரிய குடுவை விலையைவிடக் குறைவு.

பதிவேடும் பணம் காக்கும். ஒவ்வொரு வார்ப்புக்கும் தேதி, தொகுதி எண், மெழுகு எங்கே வாங்கியது, வாசனை எண்ணெய் எத்தனை சதவீதம், திரி எந்த எண், குடுவை எந்த லாட் என்று நாற்பது பக்க நோட்டில் எழுதுகிறேன். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு குடுவையை விற்காமல் எடுத்து வைக்கிறேன். லேபிளில் தமிழிலும் ஆங்கிலத்திலும்: திரியைக் கால் அங்குலத்துக்கு வெட்டுங்கள், 4 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து எரிக்காதீர்கள், அரை அங்குலம் மிச்சம் இருக்கும்போது அணைத்துவிடுங்கள், மின்விசிறிக்கு அடியிலும் திரைச்சீலை அருகிலும் வைக்காதீர்கள், குழந்தைகளுக்கு எட்டவிடாதீர்கள். அழகு கெடுகிறது என்று சிலர் சொன்னார்கள். கெடட்டும்.

பணம் கட்டும் நாள்

விண்ணப்பத்தை நீங்களே நிரப்புங்கள், அல்லது நிரப்பியதை வரி வரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம். உங்கள் பெயரும் பிராண்டு பெயரும் உத்யம் சான்றில் இருப்பது போலவே பாலிசியில் வர வேண்டும். பிரீமியம் நிறுவனத்தின் கணக்குக்குப் போகட்டும். ஏஜென்ட்டின் ஜிபே எண்ணுக்கு வேண்டாம். காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவின்படி பிரீமியம் நிறுவனத்துக்கு வந்து சேராமல் பாதுகாப்புத் தொடங்காது. 'நாளைக்குக் கட்டிக்கலாங்க, இன்னைக்கே ஆக்டிவ்' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

புகார் வந்தால்

முதலில் வாயைக் கட்டுங்கள். நமக்குப் பழக்கம், யாராவது வருத்தப்பட்டால் உடனே 'ஐயோ, என் தப்புதாங்க, எவ்வளவு ஆனாலும் கொடுத்துடறேன்' என்போம். வாட்ஸ்ஆப்பில் அப்படி எழுதினால், நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஏற்றுக்கொண்டதாக ஆகி, கிளைம் கைநழுவலாம். அதற்காகக் கல்லாக நிற்க வேண்டாம். 'கேட்கவே கஷ்டமா இருக்குங்க. யாருக்கும் அடிபடலையே? படம் அனுப்புங்க, உடைஞ்ச குடுவையைத் தூக்கிப் போடாதீங்க, நான் பார்த்துட்டுச் சொல்றேன்.' இதுவரை சரி.

அன்றைக்கே நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் தெரிவியுங்கள். வக்கீல் நோட்டீஸ் வந்தால் நீங்களாகப் பதில் எழுதாமல் அப்படியே அனுப்புங்கள். அந்தத் தொகுதியில் மிச்சமிருப்பதை விற்காமல் ஒதுக்குங்கள். பதிவேட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். 450 ரூபாய் குடுவைக்குப் பணம் திருப்பித் தருவது மட்டும் விஷயம் என்றால் இத்தனை ஆர்ப்பாட்டம் வேண்டாம். பாலிசி அதற்கு வராது, நீங்களே கொடுத்து முடித்துவிடுங்கள்.

நிறுவனம் கிளைமை மறுத்தால், முதலில் அவர்களுடைய குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஐஆர்டிஏஐ ஆணையத்தின் பீமா பரோசா என்ற புகார்த் தளத்திலும், 155255 என்ற எண்ணிலும் புகார் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டியதும் இல்லை. தனிநபர் பாலிசிக்கு மட்டும்தான் அங்கே போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். தனி உரிமையாளர் தொழிலுக்கும் குறுந்தொழிலுக்கும் எடுத்த பாலிசிகளும் அவர் வரம்புக்குள் வரும். உத்யம் பதிவு இங்கேயும் உதவும் என்று முன்பே சொன்னது இதற்குத்தான்.

புதுப்பிக்கிற நாளுக்கு ஒரு மாதம் முன்பு போனில் மணி அடிக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு பக்கத் தாளை எடுத்து, மாறியதைத் திருத்துங்கள். விற்பனை கூடியிருக்கும், புதுப் பொருள் வந்திருக்கும். இந்த வருடம் நான் குச்சி வைத்த வாசனைக் குடுவை செய்யத் தொடங்கினேன். அதில் இருக்கும் திரவம் தீப்பிடிக்கக் கூடியது என்பதால் புரோக்கர் தனியாக எழுதிக் கேட்டார். பதில் வர பதினோரு நாள் ஆயிற்று. அதுவரை நாற்பது குடுவையும் கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டியில் கிடந்தன; வீடு முழுக்க வெட்டிவேர் வாசனை.